‘மன அழுத்தம்’ வேண்டாம், ‘நெருக்கீடு’ போதும்

வணக்கம்.

விலங்குகளின் நோயெதிர்ப்பு பற்றிய கட்டுரையில் ஸ்ட்ரெஸ் என்பதை ‘மன அழுத்தம்’ என்றே எழுதிவிடலாம் என்று முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஸ்ட்ரெஸ் ஆய்வின் முன்னோடியான ஹான்ஸ் செலியே 1936இல் வெளியிட்ட குறிப்பைப் பாருங்கள்: எலிகளைக் குளிரில் வைத்தாலும், அறுவைக்கு உட்படுத்தினாலும், அளவுமீறி ஓடவிட்டாலும், மருந்தை மிகுதியாகச் செலுத்தினாலும், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி பெருத்து, நோயெதிர்ப்புச் செல்கள் முதிரும் தைமஸும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கி, இரைப்பையில் புண் உண்டாயிற்று. இங்கே பேசப்படுவது உடல் முழுவதும் காட்டும் எதிர்வினை. அதற்கு ‘மன’ என்ற அடைமொழி பொருளைத் திரித்துவிடும்.

ஸ்ட்ரெஸுக்கு இயற்பியலில் வழங்கும் ‘தகைவு’ உயிரற்ற பொருள்களோடு ஒட்டிப்போன சொல். கோழி வளர்ப்பில் ஹீட் ஸ்ட்ரெஸுக்கு ‘வெப்ப அயர்ச்சி’ நன்கு வழங்குகிறது. கோடையில் இறக்கையை விரித்து மூச்சிரைக்கும் கோழிக்கு அது பொருத்தமும்கூட. ஆனால் அயர்ச்சி விளைவைச் சுட்டுவது. லாரியில் ஏற்றியவுடன் மிரண்டு நிற்கும் மாடு இன்னும் அயரவில்லை, ஆயினும் அதன் குருதியில் அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கியிருக்கும்.

இலங்கையில் உளவியல் எழுதுவோர் ‘உளநெருக்கீடு’ என்கிறார்கள். அதில் ‘உள’ நீக்கி ‘நெருக்கீடு’ என்று கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. ‘வெப்ப நெருக்கீடு’, ‘நெருக்கீட்டுக் காரணி’ என அது எளிதில் கிளைக்கிறது.

கால அளவைச் சொல்லிலேயே காட்டுவது இத்துறையில் மிக முக்கியம். 1997இல் ஆய்வாளர்கள் ஃபிர்தௌஸ் தாபரும் புரூஸ் மெக்யூவனும் எலிகளில் காட்டியபடி, சில மணி நேரமே நீடிக்கும் நெருக்கீடு தோலின் நோயெதிர்ப்பு வினையைக் கூட்டுகிறது. வாரக்கணக்கில் தொடர்வதோ அதைத் தணிக்கிறது. நேர்மாறான விளைவு தரும் இவ்விரண்டையும் ‘குறுநெருக்கீடு’, ‘நெடுநெருக்கீடு’ என்று பிரிக்கலாம். ‘நாட்பட்ட’ என்பது நோய்களுக்கே இருக்கட்டும்.

நெடுநெருக்கீட்டின் விளைவை ‘நோயெதிர்ப்புக் குறைவு’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முரட்டுச் சுண்டெலியிடம் மீண்டும் மீண்டும் தோற்ற சுண்டெலிகளின் மண்ணீரலிலுள்ள நோயெதிர்ப்புச் செல்கள், அழற்சியை அடக்கும் கார்ட்டிகோஸ்டீரோனின் (எலிகளில் கார்ட்டிசாலுக்கு இணையான ஹார்மோன்) கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் போவதும் அழற்சி மிகுவதும் அறியப்பட்டவை. ஒருபுறம் குறைந்து மறுபுறம் மீறுவதால் ‘நோயெதிர்ப்புக் குலைவு’ என்பதே சரியாகப் படுகிறது.

‘குறுநெருக்கீடு’ ஒலியில் சற்று இடறுகிறது. ‘நெடு’ என்பதற்கு இணையாக நிற்கும் வேறு அடை இருந்தால் தெரிவியுங்கள்.