பார்மசி படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் மருந்துக்கடையில் வேலை பார்த்தே ஆகணுமா?

மருந்துக்கடை மணி:
நேற்று சரசு அக்கா வேறொரு இடத்தில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பிள்ளையை மருந்துக்கடையில் ஆறு மாதமாவது நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வெஸ்ட்வில்லில் பார்மசிக்கு இடம் கிடைக்காது" என்கிறார். டர்பன் பெற்றோர் பாதிப் பேர் இதை நம்பி இப்போது கடை கடையாக ஏறி இறங்குவார்கள். வெஸ்ட்வில் வளாகம் இருக்கிற குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்துக்கு (யு.கே.இசட்.என்.) சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகம் வழியாக விண்ணப்பம் போகிறது. அங்கே பார்ப்பது மாட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணை. கணக்கும் அறிவியலும் சரியில்லை என்றால், கடை முதலாளியே கூட வந்து நின்றாலும் ஒன்றும் நடக்காது. அதுவும் சரசு அக்கா மகன் நின்றது கல்லாவில்!

சாட்ஸ்வொர்த் சரசு:
கல்லாவில் நின்றால் என்ன குறைச்சல்? என் மகன் மருந்தும்தான் கொடுத்தான். தலைவலி என்று வந்தவர்களுக்கு பனாடோ (பாராசிட்டமால் மாத்திரை) எடுத்துக் கொடுத்தது யார், நீங்களா? ஹூஸ்டனில் என் தங்கை மகள் பார்ம்டி என்ற பார்மசி பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோது வேலை அனுபவத்தை எழுதத் தனிப் பகுதியே இருந்தது. பார்மசிஸ்டிடம் கடிதமும் வாங்கிக் கொடுத்தாள். உலகம் அப்படிப் போகிறது.

மருந்துக்கடை மணி:
பனாடோ! அதைத்தான் எதிர்பார்த்தேன். பனாடோ சின்னப் பாக்கெட் ஷெட்யூல் 0, அதாவது மருந்துக் கட்டுப்பாட்டு வரிசையில் அடிமட்டம். சூப்பர்மார்க்கெட்டில் ரொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அதை எடுத்து நீட்டுவது மருந்து கொடுத்த அனுபவம் என்றால், ரொட்டி விற்கிற பையனும் பார்மசிஸ்ட்தான்.

ஹூஸ்டன் கதைக்கும் வருகிறேன். அமெரிக்காவில் பார்ம்கேஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்கும்போது அனுபவம் எழுதப் பகுதி உண்டு, மறுக்கவில்லை. அங்கே மருந்துக்கடையில் டெக்னீஷியனாக வேலை பார்த்துவிட்டுப் படிக்க வருகிறவர்கள் நிறைய. அது அந்த ஊர் முறை. நம் ஊரில் பள்ளி முடித்த கையோடு நான்கு வருட பி.பார்ம்., அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன், அதற்கும் மேல் ஒரு வருடம் சமூக சேவை. அனுபவம் வேண்டாம் என்று ஓடினாலும் துரத்திப் பிடித்துக் கொடுப்பார்கள்.

ஃபீனிக்ஸ் குமரன்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நான் இப்போது பார்மசிஸ்ட் அசிஸ்டென்ட் (உதவியாளர்) பேசிக் நிலையில் பயிற்சியில் இருக்கிறேன். தென்னாப்பிரிக்க பார்மசி கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு பார்மசிஸ்ட்டின் மேற்பார்வையில்தான் டிஸ்பென்சரிக்குள், அதாவது மருந்து எடுத்துக் கொடுக்கிற பகுதிக்குள் நிற்க முடியும். பதிவில்லாத விடுமுறைப் பையனை அங்கே மருந்து எடுத்துக் கொடுக்க விடக்கூடாது. ஆனால் வெளியே நின்றாலும் ஒன்று தெரிந்துவிடும். மாத மாத்திரை வாங்க வருகிறவர்களின் வரிசை, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பணம் தராத கோபத்தை நம் மேல் காட்டுகிற ஆள், மருந்துச் சீட்டில் டாக்டர் கிறுக்கியது. இதெல்லாம் தாங்குமா தாங்காதா என்று ஒரே வாரத்தில் தெரியும். இடம் வாங்க உதவாது, மனசை முடிவு செய்ய உதவும்.

சாட்ஸ்வொர்த் சரசு:
பார்த்தீர்களா, தம்பியே உதவும் என்கிறான்.

மருந்துக்கடை மணி:
இடம் வாங்க உதவாது என்றும் அவன்தான் எழுதியிருக்கிறான். அந்த வரி மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை. சரி, நேராகக் கேட்கிறேன்: உங்கள் மகன் கொடுத்தது பனாடோவா, கட்டுப்பாடு கூடிய ஷெட்யூல் 2 சாமானா? கோடீன் போட்ட இருமல் மருந்து என்றால் பெயர், விலாசம் எல்லாம் பதிய வேண்டும், பார்மசிஸ்ட் பார்க்க வேண்டும். அதைக் கல்லாப் பையன் கொடுத்திருந்தால் அனுபவம் இல்லை அக்கா, குற்றம்.

சாட்ஸ்வொர்த் சரசு:
குற்றமா? என் பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறீர்களா? பனாடோ என்றுதானே எழுதினேன்!

காவடிக் கணேசன்:
மணி ஐயாவுக்கு சட்டம் என்றால் உயிர். போன வருடம் கோவில் அன்னதானக் கணக்கைக் கேட்டபோது மட்டும் சட்டம் எங்கே போயிருந்தது? அது இருக்கட்டும். டாக்டர்களே லைசென்ஸ் வாங்கித் தங்கள் அறையிலேயே மருந்து விற்கிறார்களே, அதைக் கேட்க மாட்டீர்களா?

மருந்துக்கடை மணி:
கணேசா, அன்னதானக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. நீ சாப்பிடுகிற பக்கம் மட்டும் போனதால் பார்க்கவில்லை. டாக்டர் மருந்து விற்பது பற்றித் தனியாக எழுது, வந்து கிழிக்கிறேன். இங்கே பேச்சு பனாடோ.

காவடிக் கணேசன்:
ஒட்டியிருந்தது திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து. படமே வைத்திருக்கிறேன், போடட்டுமா?

ஃபீனிக்ஸ் குமரன்:
அண்ணே, கோவில் கணக்கை விடுங்கள். என் தங்கை இந்த வருடம் மாட்ரிக். சி.ஏ.ஓ.வில் பார்மசியை முதல் விருப்பமாகப் போடலாமா, இரண்டாவதாகப் போடலாமா? யாராவது சொல்லுங்களேன்.

சாட்ஸ்வொர்த் சரசு:
முதலில் போடு தம்பி. அதற்கு முன் ஒரு கடையில் சேர்த்துவிடு. என் மகன் வேலை பார்த்த கடையிலேயே கேட்டுச் சொல்கிறேன்.

மருந்துக்கடை மணி:
மறுபடியுமா! குமரா, தங்கையைக் கணக்குப் புத்தகத்தோடு உட்கார வை. பழைய கேள்வித்தாளைப் போடச் சொல். விடுமுறை முழுக்க ஷாம்புவும் பனாடோவும் ஸ்கேன் செய்து ஒரு பயனும் இல்லை. ஷெட்யூல் 0, அக்கா. பூஜ்யம். எத்தனை முறை எழுதுவது?

சாட்ஸ்வொர்த் சரசு:
எழுதிக்கொண்டே இருங்கள். உங்கள் கடையில் ஒரு பிள்ளையையாவது சேர்த்துக்கொண்டிருந்தால் நான் ஏன் வேறு கடைக்குப் போயிருக்கப் போகிறேன்? கேட்டபோது "ஆள் வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்கள். அது மறக்கவில்லை.

மருந்துக்கடை மணி:
ஓ, விஷயம் அங்கேதான் இருக்கிறதா! அப்போதும் காரணம் சொன்னேன், பதிவில்லாத ஆளை டிஸ்பென்சரிக்குள் விட முடியாது என்று. நீங்கள்தான் "அப்படியானால் பனாடோவாவது கொடுக்கட்டும்" என்றீர்கள்.

காவடிக் கணேசன்:
படம் போட்டாயிற்று. தேதியைப் பெரிதாக்கிப் பாருங்கள் ஐயா.