சிடரோஃபோர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

வட அமெரிக்க வௌவால்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வெண்மூக்கு நோய் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 2006 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் எடுத்த படத்தில்தான் அது முதலில் பதிவானது. குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலின் தோலைத் தின்னும் பூஞ்சை, பெயர் சூடோஜிம்னோஆஸ்கஸ் டிஸ்ட்ரக்டன்ஸ். கொலாஜனை வெட்டும் அதன் நொதி, புற ஊதா விளக்கில் புண்ணை மஞ்சளாக ஒளிரவைக்கும் ரைபோஃபிளேவின் என்ற வைட்டமின் என்று எல்லாவற்றையும் ஒருவழியாகத் தமிழில் சொல்லிவிட்டேன். பூஞ்சை இரும்பைப் பிடித்துவர வெளியே அனுப்பும் சின்ன மூலக்கூறான சிடரோஃபோரில் வந்து மாட்டிக்கொண்டேன். கிரேக்கத்தில் சிடரோஸ் இரும்பு, ஃபோர் தாங்குவது. 'இரும்புதாங்கி' சரியா?

—

> 'இரும்புதாங்கி' சரியா?

சொல்லுக்குச் சொல் சரிதான், ஐயா. ஆனால் தாங்கி என்றதும் எனக்குச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்தான் நினைவுக்கு வருகிறது. அது நின்ற இடத்தில் நிற்கும். இரும்பை அப்படிச் சேமித்து வைத்திருப்பது ஃபெரிட்டின் என்ற புரதம். அந்தப் பெயரை அதற்குக் கொடுத்துவிடலாம்.

சிடரோஃபோர் செய்வது வேறு வேலை. வௌவாலின் உடம்பில் இரும்பு உண்டு, ஆனால் கேட்பாரற்றுக் கிடப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் போன்ற புரதங்கள் அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும். கிருமிகளைப் பட்டினி போட உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. பூஞ்சையும் லேசுப்பட்டது இல்லை. இரும்பில்லாத சின்ன மூலக்கூறை வெறுங்கையோடு வெளியே அனுப்புகிறது. அது இரும்பு அயனியைப் பிடித்துக்கொண்டு பூஞ்சைக்கே திரும்புகிறது. நோய் கண்ட வௌவாலின் இறக்கையிலேயே டிரைஅசெட்டைல்ஃபுசரினைன் சி என்ற சிடரோஃபோரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் மூன்று பிடிகள், பிடிக்கு இரண்டு ஆக்சிஜன். ஆக ஆறு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்து ஓர் இரும்பு அயனியை வளைத்துக்கொள்கின்றன.

'இரும்புகவ்வி' என்று சொல்லலாமா என்றும் யோசித்தேன். பிடிப்பது அதில் இருக்கிறது, கொண்டுவருவது இல்லை. உலோக அயனியை இப்படிப் பல அணுக்கள் சேர்ந்து பிடிப்பதற்குத்தான் பாடநூல்களில் ஏற்கெனவே 'கொடுக்கிணைப்பு' என்ற சொல் இருக்கிறதே.

என் பரிந்துரை: இரும்புக்கொணரி. போய் எடுத்து வருவது முழுவதும் 'கொணர்' என்ற ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. (ஒற்று மிகுமா என்று இங்கே ஒரு சண்டை வரும், தெரியும். பூச்சிக்கொல்லிக்கு மிகுந்ததே என்று நானும் மிகுத்துவிட்டேன்.)

—

கொணரி காதுக்கு இனிமை. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'கொணர்' புரியுமா?

—

'அதைக் கொண்டா' என்று வீட்டில் சொல்கிறோமே, அதற்குப் பக்கத்துச் சொல்தானே அம்மா. இன்னொரு வசதியும் உண்டு. செம்பை இதே போலப் பிடித்துவரும் மூலக்கூறுகளைச் சால்கோஃபோர் என்கிறார்கள். அவற்றைச் செப்புக்கொணரி என்று தயங்காமல் சொல்லலாம். தாங்கியை வைத்துக்கொண்டால் அங்கேயும் இதே குழப்பம்தான்.

—

சரி, எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் 'இரும்புக்கொணரி எனப்படும் சிடரோஃபோர்' என்று எழுதிவிடுகிறேன்.

அப்புறம், 'வெண்மூக்கு நோய்' என்பதும் இப்போது உறுத்துகிறது. மூக்கில் தெரிவது வெறும் வெள்ளைப் படலம். பெரிய சேதமெல்லாம் இறக்கைச் சவ்வில்தான். அங்கே கிண்ணம் போலக் குடைந்த புண்களுக்குள் பூஞ்சை இழைகள் நெருக்கமாக அடைந்திருக்கும். அந்தப் புண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். அதைத் தனிப் பதிவில் கேட்கிறேன்.