எந்தத் தளம் வேகமாக வரணும் என்பதை இணைப்பு தரும் நிறுவனம் ஏன் முடிவு செய்யக் கூடாது?

வலைவாசி:
நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணைப்பு தரும் நிறுவனம் எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்தணும் என்ற கொள்கை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். கேபிள் போட்டது, டவர் நட்டது எல்லாம் அவர்கள்தான், அப்படியிருக்க நெரிசல் நேரத்தில் எதை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது என்று அவர்கள் முடிவு செய்தால் என்ன தப்பு? மெயில் ரெண்டு வினாடி தாமதமானால் யாருக்கும் தெரியாது, வீடியோ கால் அரை வினாடி தடுமாறினாலே பேச முடியாது. எனக்கு ராத்திரி ஆனால் ஒரு வீடியோ தளம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஆனால் இணைப்பு தரும் நிறுவனத்தின் சொந்த வீடியோ ஆப் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவடம்:
ரெண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். வீடியோ கால் என்ற வகைக்கே முன்னுரிமை தருவது ஒன்று, குறிப்பிட்ட கம்பெனியின் வீடியோ காலுக்கு மட்டும் தருவது வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015 விதிமுறையே முதலாவதற்கு இடம் கொடுக்கிறது: தொழில்நுட்பக் காரணம் இருந்தால் போக்குவரத்தை வகைவாரியாக நிர்வகிக்கலாம், அதில் வியாபார நோக்கம் கலக்கக் கூடாது.

கேபிள் அவர்களுடையதுதான், ஆனால் அதற்கு நாம் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம், தளம் நடத்துகிறவரும் தன் பக்கத்து இணைப்புக்குக் கட்டுகிறார். இதற்கு மேல் நடுவில் நின்றுகொண்டு "உன் தளம் வேகமாகப் போகணும்னா எனக்குத் தனியாகக் கொடு" என்பதை எப்படி ஏற்பது?

இதெல்லாம் வீண் பயம் என்று சொல்லவும் முடியாது. 2005இல் அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் வோனேஜ் சேவையைத் தன் இணைப்பில் தடுத்தது. அதன் சொந்த போன் தொழிலுக்கு வோனேஜ் போட்டி. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தலையிட்டு 15,000 டாலர் கட்ட வைத்தது. 2007இல் காம்காஸ்ட் செய்தது இன்னும் மோசம். பயனர்கள் தங்களுக்குள் நேரடியாகக் கோப்பு பகிரும் பிட்டொரென்ட்டில் ரெண்டு கணினிகள் கோப்பு பரிமாறும்போது, எதிர்முனை இணைப்பைத் துண்டிப்பது போல ஒரு போலிப் பாக்கெட்டை (சிறு தரவுத் துண்டை) நடுவில் நுழைத்தார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் இணைப்பைத் துண்டித்துவிட்டது போலத் தெரியும், அந்தப் பக்கத்துக்கும் அப்படியே. அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் பைபிளை அனுப்பிப் பார்த்தார்கள், காப்புரிமைச் சிக்கலே இல்லாத புத்தகம், அதுவும் தடைபட்டது.

இரவுப்பறவை:
சரி, பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமே? போட்டி இருக்கிற இடத்தில் சட்டம் எதற்கு?

கம்பிவடம்:
நீங்கள் மாறலாம் (அதுவும் வேறு நிறுவனம் உங்கள் பகுதிக்கு வந்திருந்தால்). தளம் நடத்துகிறவரால் மாற முடியாது, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. உங்களை அடைய அவருக்கு உங்கள் நிறுவனத்தின் வழி ஒன்றுதான். ஊரில் பத்து நிறுவனங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் சந்தாதாரர்களுக்கு முன்னால் தனி வாசல் போட்டுக் காவல் நிற்கிறது. தென் கொரியாவில் நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் கடையை மூடியது, அங்கே நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று காரணம் சொன்னது. அதற்கு முன்பே செலவைக் குறைக்க வீடியோவின் தரத்தை 720பி ஆகக் குறைத்திருந்தது. அதன் உரிமையாளர் அமேசான், அதற்கே இந்த நிலை. புதிதாக ஆரம்பிக்கிற ரெண்டு பேர் எங்கே போவார்கள்?

தாழ்வாரம்:
தடுப்பது, வேகத்தைக் குறைப்பது பற்றி மட்டும் பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை தருவது "இந்த ஆப்புக்கு டேட்டா கழியாது" என்ற சலுகை. கேட்க இனிக்கும். ஆனால் டேட்டா தீர்ந்தபின் அந்த ஒரு ஆப் மட்டும் திறக்கும், அதில் வருகிற செய்தியைச் சரிபார்க்க வேறு தளத்துக்குப் போனால் திறக்காது. நாள் போகப்போக அந்த ஆப்தான் இணையம் என்றே ஆகிவிடும். சில தளங்களை மட்டும் டேட்டா கழியாமல் திறக்கவிட்ட ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை எதிர்த்து அவ்வளவு பேர் குரல் கொடுத்தது இதற்காகத்தான், 2016 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறு வேறு கட்டணம் வாங்குவதையே தடை செய்தது. ஏழைகளுக்கு இணையம் தரணும் என்றால் டேட்டாவைக் கொடுங்கள், எதைப் பார்ப்பது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

திசைகாட்டி:
வலைவாசி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) போட்டதும் அந்தத் தளம் சரியாக ஓடினால் சந்தேகப்படலாம், ஆனால் அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். விபிஎன் வேறு பாதையில் போகிறது, பழைய பாதையில் ரெண்டு நெட்வொர்க் சேரும் இடத்தில் நெரிசல் இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். நிறுவனத்தின் சொந்த ஆப்புக்கு வீடியோ பெரும்பாலும் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளிருந்தே வரும், அதனால் அதோடு ஒப்பிடுவதும் சரிவராது.

நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செய்த வீஹி என்ற ஆப் இருக்கிறது. பிரபலமான தளங்களின் போக்குவரத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அதை அப்படியே ஒரு தடவை அனுப்பும், அடையாளம் தெரியாதபடி உருமாற்றி இன்னொரு தடவை அனுப்பும். ரெண்டும் ஒரே சர்வருக்குத்தான். முதலாவது மட்டும் திரும்பத் திரும்ப மெதுவாக வந்தால் யாரோ பெயரைப் பார்த்துக் குறைக்கிறார்கள். எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கம் இருந்தாலும் தளத்தின் பெயர் பொதுவாக இணைப்பைத் தொடங்கும் முதல் கைகுலுக்கலிலேயே வெளியே தெரிந்துவிடும். பகலில் சில தடவை, ராத்திரி சில தடவை ஓட்டி முடிவுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதையும் இணையுங்கள், வெறும் "நெட் ஸ்லோ" என்றால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.