அவசரம்: காரில் யூஎஸ்பி வேலை செய்யவில்லை, நாளை காலை கிளம்பணும்

மலைக்கோட்டை_ரைடர்
வணக்கம். நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று காரில் யூஎஸ்பி சுத்தமாக வேலை செய்யவில்லை. போன் சார்ஜ் ஏறவில்லை. கேபிளும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நாளை விடியற்காலை குடும்பத்தோடு வால்பாறை போகிறோம், மேப் வேண்டும். சர்வீஸ் சென்டரில் கேட்டால் யூனிட்டையே மாற்றணும், பார்ட் வர ஒரு வாரம் என்கிறார்கள். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பெட்ரோல்வாசி
என்ன வண்டி, எந்த வருடம்? எத்தனை போர்ட் இருக்கிறது, எது போயிருக்கிறது?

டேட்டா_தம்பி
கேபிள்தான் ப்ரோ. மாற்றினேன் என்கிறீர்கள், மாற்றியதும் அதே பெட்டிக்கடைக் கேபிள்தானே? போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். போனில் 'சார்ஜ் மட்டும்' என்று இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பானட்_காவலன்
எலி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மரத்தடியில் நிறுத்துகிறீர்களா? எங்கள் தெருவில் மூன்று வண்டிக்கு வயரைக் கடித்துவிட்டது. பானட்டைத் திறந்து புழுக்கை இருக்கிறதா பாருங்கள்.

கையேடு_ஐயா
வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதைப் பாலிதீன் உறையிலிருந்து எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இதே சந்தேகத்துக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் வழக்கம் இப்போது யாருக்கும் இல்லை.

டேட்டா_தம்பி
ஐயா, அந்தப் பழைய இழையின் சுட்டியாவது கொடுக்கலாமே.

மலைக்கோட்டை_ரைடர்
2019 பெட்ரோல் ஹேட்ச்பேக். கம்பெனி பெயர் வேண்டாம், சொன்னால் இங்கே அதற்கே சண்டை வரும். முன்னால் ஒன்று, பின் சீட்டுக்கு இரண்டு. எலி இல்லை, மூடிய ஷெட்.

பானட்_காவலன்
மூடிய ஷெட்தான் அதற்குப் பிடித்த இடம்.

வயர்மேன்_மதுரை
முன் போர்ட்டில் பென்டிரைவ் போட்டால் பாட்டு வருகிறதா? பக்கத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட் இருக்குமே, அது வேலை செய்கிறதா? கடைசியாக அதில் என்ன சொருகினீர்கள்? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எஞ்சின் ஓட வேண்டாம், சாவி ஏசிசி நிலையில், அதாவது எஞ்சின் ஓடாமல் பாட்டு மட்டும் ஓடும் நிலையில், இருந்தால் போதும்.

மலைக்கோட்டை_ரைடர்
பாட்டு வருகிறது! ஆனால் அதில் போன் போட்டால் சார்ஜ் ஏறுவதில்லை, மேப் ஓடினால் இறங்கவே செய்கிறது. பின்னால் இரண்டும் செத்துவிட்டது. லைட்டர் சாக்கெட்டும் வேலை செய்யவில்லை. கடைசியாக டயருக்குக் காற்று அடிக்கும் பம்ப் போட்டேன், நேற்று சாயங்காலம், நாலு டயருக்கும்.

வயர்மேன்_மதுரை
அப்படிச் சொல்லுங்கள். இது இரண்டு தனித்தனி விஷயம்.

முன் போர்ட் கெடவில்லை. பல வண்டிகளில் அதற்குக் கரண்ட் வருவது பாட்டுப் பெட்டியிலிருந்து. அது டேட்டாவுக்கான போர்ட், பழைய யூஎஸ்பி 2.0 கணக்கில் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் தரும். ஸ்கிரீன் முழு வெளிச்சத்தில் மேப் ஓடுகிற போன் அதைவிட அதிகம் தின்னும். இறங்கத்தான் செய்யும், நேற்றும் இறங்கியிருக்கும்.

பின் போர்ட்டும் லைட்டர் சாக்கெட்டும் சேர்ந்து போனதுதான் விஷயம். அனேகமாக இரண்டும் ஒரே ஃபியூஸில் இருக்கும். சாக்கெட் மூடியில் 120 வாட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், 12 வோல்ட்டுக்கு அது 10 ஆம்பியர். காற்று பம்ப் கிளம்பும்போது அதைத் தாண்டி இழுக்கும். நாலு டயரையும் ஓய்வில்லாமல் அடித்தால் ஃபியூஸ் போவதில் ஆச்சரியம் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள், உள்பக்கம் படம் இருக்கும். பவர் அவுட்லெட் என்று போட்டதைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஹைவே_சிங்கம்
நம்ம வண்டியிலும் இதே கதை. 20 ஆம்ப் போட்டுவிட்டேன், அப்புறம் தொல்லையே இல்லை. அவசரத்துக்கு சிகரெட் அட்டைக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றினாலும் ஓடும்.

வயர்மேன்_மதுரை
தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். ஃபியூஸ் இருப்பது உங்கள் சார்ஜரைக் காப்பாற்ற இல்லை, டாஷ்போர்டுக்குள் போகிற வயரைக் காப்பாற்ற. 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு ஏற்ற வயரில் 20 போட்டால் ஃபியூஸ் நிற்கும், வயர் சூடாகும். வெள்ளித்தாள் என்றால் எதுவுமே அறுந்து தடுக்காது.

ஹைவே_சிங்கம்
எவ்வளவோ ஓட்டியாச்சு சார், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் அப்பா வீட்டு ஃபியூஸ் கட்டையில் மூன்று செம்புக் கம்பி முறுக்கிப் போடுவார்.

கையேடு_ஐயா
வீடு எரியாததால் உங்கள் அப்பா சொன்னது சரி என்று ஆகாது.

ஹைவே_சிங்கம்
அப்பாவை இழுக்க வேண்டாம்.

பெட்ரோல்வாசி
நீங்கள்தானே இழுத்தீர்கள்.

டேட்டா_தம்பி
மலைப்பாதையில் மேப்பை நம்பவே வேண்டாம் ப்ரோ. ஆழியாறு தாண்டினால் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆஃப்லைன் மேப் இறக்கி வையுங்கள். 40 கொண்டை ஊசி வளைவு, ஒரே ரோடு, வழி தவற முடியாது.

பானட்_காவலன்
ஃபியூஸ் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. கடிபட்ட வயர் பாடியில் உரசினாலும் போகும்.

வயர்மேன்_மதுரை
காவலன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாக்கெட்டில் எதுவும் சொருகாமலேயே புதிய ஃபியூஸ் உடனே போனால் ஷார்ட், அப்போது எலக்ட்ரீஷியனிடம் போங்கள். சாக்கெட் அடியில் சில்லறைக் காசு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எடுப்பதானால் சாவியை அணைத்துவிட்டு, இரும்பு ஊக்கு வேண்டாம், மரக்குச்சி.

ஃபியூஸ் வாங்கும்போது அளவையும் நம்பரையும் பார்த்து வாங்குங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அறுந்திருக்கலாம். தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், சாவி போட்டு டெஸ்ட் லேம்ப் (கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு) வைத்தால் இரண்டு பக்கமும் எரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போச்சு.

மலைக்கோட்டை_ரைடர்
நீலம் 15 போயிருந்தது. மாற்றியாச்சு, பின்னால் இரண்டும் சாக்கெட்டும் ஓடுகிறது. பின்னாலிருந்து நீளக் கேபிள் இழுத்துக்கொள்கிறேன். நன்றி, படுக்கப் போகிறேன்.

பெட்ரோல்வாசி
சர்வீஸ் சென்டர் யூனிட்டுக்கு எவ்வளவு கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

பெட்ரோல்வாசி
ஹலோ?

புதுக்கார்_புதியவன்
எனக்கும் இதே பிரச்சினை, யூஎஸ்பி வேலை செய்யவில்லை. எந்த ஃபியூஸ்?

கையேடு_ஐயா
வண்டி எது, வருடம் எது, எந்த போர்ட்? தனி இழை தொடங்குங்கள்.