கரிபால்தி சதுக்கத்தில் கேட்ட இரண்டாம் வயலின்

பாடகர்களைச் சந்தித்த கதைகளைப் பலரும் எழுதுவதுண்டு. நான் எழுதுவது நேரில் பார்த்தே இராத ஒருவரைப் பற்றி: மெக்சிக இசையமைப்பாளர் ரூபேன் ஃபுவெந்தெஸ்.

வேலை நிமித்தம் மெக்சிகோ நகரில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை இரவு கரிபால்தி சதுக்கத்துக்குப் போனேன். அங்கே வயலின், டிரம்பெட், கிட்டாரோடு மெக்சிக நாட்டுப்புற இசையை வாசித்துப் பாடும் மரியாச்சிக் குழுக்கள் வரிசையாக நிற்கும். பணம் கொடுத்து விரும்பிய பாட்டைக் கேட்கலாம். நான் 'லா பிகினா' கேட்டேன். மெக்சிகப் பாடகர் லூயிஸ் மிகெல் பாடித்தான் அது எனக்குத் தெரியும். "லூயிஸ் மிகெலின் இந்தப் பாட்டு எனக்கு உயிர்" என்று சொல்லிவிட்டேன். நரைத்த மீசை வைத்த வயலின்காரருக்கு முகம் வாடிவிட்டது.

"இது மாயெஸ்த்ரோ (ஆசான்) ஃபுவெந்தெஸ் எழுதியது. 1964" என்றார். அதோடு விடவில்லை. மற்றவர்களைக் கையமர்த்திவிட்டு, இரண்டாம் வயலினுக்கு உரிய பகுதியை மட்டும் வாசித்துக் காட்டினார். நான் அறிந்த மெட்டு அதில் இல்லை. ஆனாலும் தனியே நின்று அழுவது போல ஒரு பாட்டு அதற்குள் இருந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது என் காது அதை விட்டு நகரவே இல்லை.

அதன் பிறகுதான் ஃபுவெந்தெஸைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹலிஸ்கோ மாநிலத்துச் சியுதாத் குஸ்மானில் 1926-இல் பிறந்தவர். செவ்வியல் வயலின் பயின்றவர். 1944-இல் 'மரியாச்சி வார்காஸ் தே தெகாலித்லான்' குழுவில் சேர்ந்தார். பெரும்பாலும் கேள்வி ஞானத்தால் வாசிக்கப்பட்டு வந்த இசைக்கு, கருவிக்குக் கருவி தனித்தனியாகச் சுரம் எழுதினார். புகழ்பெற்ற பாடலாசிரியர் ஹோசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸுக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடிக்காட்டிய மெட்டுகளுக்கு வயலினும் டிரம்பெட்டும் சேர்த்து முழு உருவம் தந்தவர் ஃபுவெந்தெஸ். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டட் 1987-இல் வெளியிட்ட மெக்சிகப் பாடல் தொகுப்பிலும் அவர் கை உண்டு.

நாட்டுப்புற இசையை அவர் அளவுக்கு மீறி மெருகேற்றிவிட்டார் என்று சிலர் குறைசொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றிரவு கேட்ட அந்த இரண்டாம் வயலினில் மண்ணின் ஈரம் கொஞ்சமும் காய்ந்திருக்கவில்லை.

2022 பிப்ரவரி 5 அன்று, 95 வயதில் அவர் மறைந்தார். செய்தியைப் படித்ததும் 'லா பிகினா'வை ஒலிக்கவிட்டு, பாடும் குரலை ஒதுக்கிவிட்டு, உள்ளே ஓடும் அந்த வயலினை மட்டும் பின்தொடர்ந்தேன்.