புது பைக் வாங்கும்போது எந்தத் தொகையில் பேரம் பேசலாம்?

கேள்வி:
வணக்கம். மதுரையில் 125 சிசி பைக் ஒன்று வாங்க இருக்கிறேன். கொட்டேஷனில் ஷோரூம் விலை 94,000 ரூபாய், வாழ்நாள் வரி 9,400, காப்பீடு 9,200, பதிவும் ஹேண்ட்லிங் கட்டணமும் சேர்த்து 4,000, துணைப்பொருள்கள் 3,800 என்று போட்டிருக்கிறார்கள். ஷோரூம் விலையில் இரண்டாயிரமாவது குறைக்கச் சொன்னேன்; அது கம்பெனி வைத்த விலை என்று கைவிரித்துவிட்டார்கள். வேறு வழி உண்டா?

பதில் 1:
ஷோரூம் விலையில் முட்டி மோதுவதை விட்டுவிட்டு, அதற்குக் கீழே உள்ள மற்றத் தொகைகளைப் பாருங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பைக்குக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 10 சதவீதம் என்பதால் அந்தத் தொகை சரிதான். (ஒரு லட்சத்தைத் தாண்டினால் 12 சதவீதம், டிஸ்க் பிரேக் மாடலுக்கு மாறும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ளுங்கள்.)

காப்பீட்டில்தான் இடம் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) கட்டாயம். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை அது 3,851 ரூபாய், ஜிஎஸ்டி தனி. சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும், அதையும் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே காப்பீட்டு மதிப்புக்கு (வண்டி முழுதும் போனால் கிடைக்கும் தொகைக்கு) இணையத்தில் விலை பார்த்து அந்தத் தாளை அவர்கள் முன் வையுங்கள்; எனக்கு அப்படித்தான் 1,700 ரூபாய் குறைத்தார்கள்.

மத்திய விதிப்படி மோட்டார் சைக்கிள் பதிவுக் கட்டணம் 300 ரூபாய். சில்லறைக் கட்டணங்களைச் சேர்த்தாலும் 4,000 வர வாய்ப்பில்லை. எந்தத் தொகைக்கு அரசு ரசீது தருவார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் காலமும் முக்கியம். ஆயுத பூஜை வாரத்தில் போய் நின்றால் வண்டி கிடைப்பதே பெரிது. புது வண்டி எடுக்க நம்மவர்கள் தயங்கும் ஆடி மாதத்தில் போனால், அவர்களே கூப்பிட்டுப் பேசுவார்கள்.

பதில் 3:
டிசம்பரிலும் குறைப்பார்கள் என்றாலும், ஜனவரி பிறந்ததும் அது 'போன வருஷத்து வண்டி' ஆகிவிடும். விற்கும்போது அந்தக் கழிவு உங்கள் தலையில் விழும். பத்தாண்டு ஓட்டுபவருக்கு டிசம்பரில் வாங்குவது லாபம், மூன்றாண்டில் மாற்றுபவருக்கு அல்ல. எப்படியானாலும் பணம் கட்டுமுன் தயாரிப்பு மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஹெல்மெட் ஒன்று தர வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அதைத் துணைப்பொருள் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கேட்டவர்:
சேர்த்துத்தான் இருந்தார்கள், ஐயா. ஹெல்மெட்டுக்குப் போட்ட 1,100 ரூபாயை இன்று நீக்கிவிட்டார்கள். ரசீது கேட்டதும் ஹேண்ட்லிங் 2,500 ரூபாயும் போயிற்று. காப்பீட்டுத் தாளோடு நாளை மறுபடி போகிறேன்.