கண்ணாடி எங்கே?

அக்கா (இரவு 10.52): பிள்ளைக்கு மூச்சுவிட வைத்த டியூபை எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆனால் இரவானால் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்துகிறான். சலைன் டியூபைப் பிடித்து இழுக்கிறான். நான் கூப்பிட்டாலும் யாரோ மாதிரி பார்க்கிறான்.

அம்மா: பிள்ளை பயந்துபோயிருக்கிறான். பகலிலும் இப்படித்தானா?

அக்கா: பகலில் சத்தமே இல்லை அம்மா. ஒரே இடத்தை வெறித்தபடி படுத்திருக்கிறான். அந்த நேரம்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

நான்: இப்போதுதான் டூட்டி முடிந்தது. அக்கா, எனக்கு அந்தப் பகல் அமைதிதான் கவலை. இது டெலிரியமாக, அதாவது நோயால் திடீரென்று வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். கத்தும் பிள்ளையை எல்லோரும் கவனிப்பார்கள், சும்மா கிடக்கும் பிள்ளையை ‘சமர்த்து’ என்று விட்டுவிடுவார்கள். எங்கள் வார்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அத்தான்: மூளையில் ஏதாவது ஆகிவிட்டதா?

நான்: கடுமையான நோயில் மூளை தற்காலிகமாகத் தடுமாறுவதுதான், அத்தான். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். தொற்று, ஆக்சிஜன் குறைவு, வலி, மலச்சிக்கல், சிறுநீர் கட்டுவது, மருந்து, எதுவாகவும் இருக்கலாம். தூக்க மருந்து மிடசோலம் ஓடுகிறதா?

அக்கா: ஆமாம். நிறுத்தச் சொல்லவா?

நான்: வேண்டாம், சட்டென்று நிறுத்தினால் அதுவே குழப்பத்தைக் கூட்டும். படிப்படியாகக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேள். பிள்ளைகளுக்கு டெலிரியம் இருக்கிறதா என்று பார்க்கும் கார்னெல் அளவுகோல் போட்டுப் பார்த்தீர்களா என்றும் கேள். 8 கேள்விதான், ஷிஃப்டுக்கு ஒருமுறை நர்ஸே போடலாம். மொத்த மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் டெலிரியம் என்று சந்தேகிப்பார்கள். முதல் கேள்வியே பிள்ளை கண்ணைப் பார்க்கிறானா என்பதுதான். ‘இவன் வழக்கமாக இப்படி இல்லை’ என்று நீதான் சொல்லவேண்டும், அவர்களுக்கு அவனை முன்பே தெரியாதே.

நான்: சரி, அவன் கண்ணாடி எங்கே?

அக்கா: பையில்... அட்மிட் ஆன அன்றே கழற்றி வைத்தது.

நான்: உடனே போட்டுவிடு. தூங்கும்போது கழற்றினால் போதும். இரவில் விளக்கை அணைத்து, ரத்தம் எடுப்பது, மருந்து கொடுப்பது எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே தடவையில் முடிக்கச் சொல். பகலில் திரையைத் திறந்து வை. ‘பூச்சி இல்லை’ என்று வாதாடாதே. ‘அம்மா இங்கேதான் இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே இரு.

அம்மா: அவன் யானைப் பொம்மையை விடியற்காலையில் எடுத்து வருகிறேன்.

அக்கா (காலை 7.15): நர்ஸ் போட்டுப் பார்த்தார், 14. டாக்டர் தூக்க மருந்தைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார். இரவு மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினான். இப்போது கண்ணாடி போட்டு என்னைப் பார்த்தான். பேசவில்லை, ஆனால் என் விரலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மதியம் மறுபடி போட்டுப் பார்ப்பார்களாம்.